முதல் கரண்டி

வினிதாவின் கதையில் யாராவது அடி வாங்காமல் கதை முடிந்ததில்லை.

திருவொற்றியூர் கடலோரத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளி அது. வெள்ளிக்கிழமை மதியம் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் கேஸ் அடுப்பு, அதன்மேல் நசுங்கிய அலுமினியக் குண்டான். பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாட்டைப் பற்றிக் கதை சொல்லி, அவர்களையே சமைக்கவைத்து, சாப்பிடவைக்க வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் வினிதாவுக்குக் கொடுத்திருந்த வேலை அதுதான். கூடவே படம் போட்ட அட்டைகளும் கொடுத்திருந்தார்கள். சிரிக்கும் கேரட், கைகூப்பும் ஆப்பிள். கடல் காற்றில் அடுப்பு அணையாமலிருக்க அந்த அட்டைகளைத்தான் அவள் சுற்றி நிறுத்திவைத்திருந்தாள்.

"பளபளன்னு சட்டை போட்டுகினு ஒருத்தன் வந்தான். பேரு பாக்கெட் பாபு" என்று ஆரம்பிப்பாள். கடையில் தொங்கும் நொறுக்குத்தீனிப் பாக்கெட்தான் பாபு. சிரித்துக்கொண்டே வாய்க்குள் நுழைவான். உள்ளே போனதும் சுத்தியலை எடுத்துப் பல்லின் வேரில் ஒரு போடு போடுவான். குடலைப் பிடித்து முடிச்சுப் போடுவான். வயிற்றில் இருக்கும் பூச்சிகளுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தன் ஆளாக ஆக்கிக்கொள்வான். அப்போதுதான் கேவுரு அக்கா, அதாவது கேழ்வரகு, வருவாள். கறுப்பு, குள்ளம், சட்டையில் மினுக்கு எதுவும் கிடையாது. கையில் முருங்கைக் கொம்பு.

அடி அங்கே தொடங்கும். பிள்ளைகளின் முன்னால் சின்னச் சின்னக் கல்லுரல்கள். கதையில் விழும் ஒவ்வொரு அடிக்கும் உரலில் ஓர் இடி. கேவுரு அக்கா பாபுவின் முட்டியை உடைத்தால் பூண்டு நசுங்கும். மூக்கை உடைத்தால் இஞ்சி. கடைசியில் வயிற்றைக் கிழிப்பாள். உள்ளே ஒன்றுமே இருக்காது. வெறும் காற்று. அதற்குள் குழம்புக்கு வேண்டிய மசாலா தயாராகியிருக்கும்.

தலைமை ஆசிரியை ஞானபாக்கியம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கொஞ்சம் அன்பான கதையாகச் சொல்லக் கூடாதா என்று ஒருமுறை கேட்டார். வினிதா உலக்கையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"அன்பா சொன்னா பூண்டு நசுங்காது டீச்சர்."

அவளுடைய தாடையில், காதிலிருந்து வாய் ஓரம் வரை, மீன் செவுள் மாதிரி ஒரு தழும்பு உண்டு. பிறந்தது எர்ணாவூருக்கு அந்தப் பக்கத்துக் குப்பம். பள்ளிக்கூடம் விட்டதும் காசிமேட்டில் மீன் வெட்ட உட்கார்ந்தவள். ஏலத்தில் இரண்டு கூட்டத்துக்கு நடுவே பாட்டில் பறந்தபோது குனியத் தெரியாத வயசு. தழும்பு அப்போது வந்தது. பிறகு இந்தக் குப்பத்து ரகுபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ரகுபதி ஃபைபர் படகில் போகிறவன். கடலில் வலை கிழிந்தாலும், கரையில் கூட்டாளி கிண்டல் செய்தாலும் வீட்டுக்கு வந்து அவளைத்தான் அடிப்பான்.

மகன் மதி பிறந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. உடம்பில் ரத்தமே இல்லையே, இத்தனை நாளா என்னதான் தின்றாய் என்று டாக்டரம்மா அதட்டியிருக்கிறார். "உதைதாம்மா துன்னேன். வேளா வேளைக்கு" என்றாளாம் வினிதா. பக்கத்துப் படுக்கைக்காரிகள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்து, எது எதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எல்லாமே வினிதாவுக்குத் தெரிந்த சாமான்கள்தான். கேவுரு, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் காரப்பொடி மீன். அவள் அம்மா வீட்டில் வேறு வழியில்லாமல் தின்றவை. புருஷன் வீட்டில் கௌரவக் குறைச்சல் என்று விட்டவை. அவள் மறுபடியும் தின்ன ஆரம்பித்தாள். ஒருநாள் ரகுபதி கை ஓங்கியபோது அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அதன் பிறகு அவன் அடிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கப் பழகினான்.

வகுப்பில் பரிமாறுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். யாரும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. வரிசையில் நிற்கிற பிள்ளை தனக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையின் தட்டில் ஊற்ற வேண்டும். முதல் பிள்ளைக்கு வினிதா ஊற்றுவாள், பிறகு கரண்டி கைமாறிக்கொண்டே போகும். கடைசிப் பிள்ளை வினிதாவுக்கு ஊற்றும். முண்டியடித்து முன்னால் போகிறவனுக்கு ஒரு லாபமும் கிடையாது என்று தெரிந்த பிறகு வரிசையில் குத்து, கிள்ளு எல்லாம் குறைந்துபோனது. நான் அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியன். என் வகுப்பில் அப்படியொரு வரிசையை நான் பார்த்ததில்லை.

அந்த வரிசை உடைந்தது சுருக்குமடி வலையால்.

தடை செய்யப்பட்ட வலை அது. குஞ்சும் குளுவானும் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு வந்துவிடும். குப்பத்தில் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது ஊர் முடிவு. திலீப் என்பவன் வேறு ஊர்ப் படகில் ரகசியமாக அந்த வலைக்குப் போனான். கரையில் அவன் கூடையை இறக்கும்போது ரகுபதியின் தம்பி வெற்றி போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டான். முதலில் வார்த்தை, பிறகு செருப்பு, பிறகு துடுப்பு. வெற்றியின் கை கூடையின் விளிம்பில் இருந்தது. திலீப்பின் கையில் ஐஸ் உடைக்கும் கத்தி. இரண்டு விரல்கள் கூடைக்குள் விழுந்தன. அவற்றைத் தேடி எடுக்கத்தான் நேரமாகிவிட்டது. கூடை முழுக்கக் காரப்பொடி. அதுவும் விரல் நீளம்தான்.

விரல்கள் மறுபடி ஒட்டவில்லை. போலீஸ் கேஸ் தனியாக நடந்தது. திலீப் ஜாமீனில் வந்ததும் ஊர் கூடிக் கட்டு விதித்தது. திலீப் வீட்டோடு யாரும் பேசக் கூடாது. தண்ணீர், நெருப்பு, உப்பு கொடுக்கக் கூடாது. அபராதம் கட்டி, கோயில் வாசலில் வெற்றியின் காலில் விழும்வரை அந்த வீடு ஊருக்கு வெளியே. திலீப் விழ மாட்டேன் என்றான்.

திலீப்பின் மகள் மகிழினி மூன்றாம் வகுப்பில் படித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காரப்பொடிக் குழம்பும் கேவுருக் கூழும். வினிதா வேண்டுமென்றுதான் காரப்பொடியை வாங்கினாளா, அன்றைக்கு அது மலிவா என்று எனக்குத் தெரியாது. ஊர்த் தலைவர் தேசப்பனின் பேரன் அறிவு, குண்டானுக்குள் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இதுல வெரலு எதுனா கீதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. மகிழினிக்கு முன்னால் நின்றவனும் அறிவுதான். அவன் கரண்டியை நிரப்பி, அவள் தட்டுவரை கொண்டுபோய், மெதுவாகத் திரும்பி, குண்டானிலேயே கவிழ்த்தான். வீட்டில் பெரியவர்கள் செய்ததை அப்படியே செய்தான். மகிழினி தட்டைப் பார்த்தாள். எவர்சில்வர் தட்டு, அதில் அவள் முகம் தெரிந்திருக்கும். தட்டின் விளிம்பால் அவன் நெற்றியில் ஓங்கி ஒரு வெட்டு. ரத்தம் புருவத்தில் வழிந்து கூழில் சொட்டியது. மூன்று பையன்கள் அவள்மேல் விழுந்தார்கள். ஒருவன் காதைப் பிடித்துத் திருக, அவள் கிடைத்த கையைக் கடித்தாள். வினிதா ஒவ்வொருவராகச் சட்டைக் காலரைப் பிடித்து, வலையிலிருந்து நண்டைப் பிரிப்பதுபோலப் பிய்த்து எடுத்தாள்.

ஞானபாக்கியம் டீச்சர் அறிவின் நெற்றியில் பஞ்சு வைத்துக்கொண்டே சொன்னார். இன்னொரு தடவை இங்கே ரத்தம் வந்தால் அடுப்பு பூட்டிய அறைக்குள் போய்விடும். அதற்கு மேல் அவரிடம் பேச்சு கிடையாது.

மகிழினி அன்று சாப்பிடவில்லை. குப்பத்துக் கடையில் அவள் வீட்டுக்கு அரிசி தரமாட்டார்கள். மற்ற நாளில் சத்துணவு உண்டு, ஆனால் அங்கேயும் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள், பாதியில் எழுந்துவிடுவாள். வினிதா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கொழுந்தனின் விரலை வெட்டியவன் மகள் அது. சாயங்காலம் வீட்டில் வெற்றிக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறவளும் அவள்தான்.

ஒரு வாரம் முழுக்க யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டு என்ன சொல்கிறது? திலீப் வீட்டுக்கு யாரும் கொடுக்கக் கூடாது. அவள் பிறந்த குப்பத்தில் கட்டு என்றால் அவ்வளவுதான். அவர்களிடமிருந்து வாங்கக் கூடாது என்று அங்கே யாரும் சொன்னதில்லை. அப்படியென்றால் கரண்டி மகிழினி கையிலேயே இருக்கட்டும். எல்லோருக்கும் அவளே ஊற்றட்டும். கடைசியில் குண்டானில் மிஞ்சுவதை அவளே எடுத்துக்கொள்ளட்டும். யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, கட்டும் உடையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முறையை மாற்றினாள். உப்புப் பார்க்கிற முதல் கரண்டியை மகிழினி வினிதாவின் தட்டில் ஊற்றினாள். வினிதா ஊதி ஊதிக் குடித்து, சூப்பரா கீது என்றாள். பிறகு ஒவ்வொரு தட்டிலும் விழுந்தது. அறிவு நெற்றியில் பிளாஸ்திரியோடு தட்டை நீட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினான், ஆனால் நீட்டினான். இரண்டாவது தடவையும் வாங்கினான். கடைசியில் மகிழினி குண்டானைச் சாய்த்து, வழித்து, அடியில் பிடித்ததையும் சுரண்டிச் சாப்பிட்டாள். யார் பக்கத்திலும் இல்லை, ஆனால் சுவரைப் பார்க்கவில்லை.

வினிதா பிறந்த குப்பம் வேறு, புகுந்த குப்பம் வேறு. இந்தக் குப்பத்தில் கட்டு போட்ட வீட்டுக்குக் கொடுப்பது சின்னக் குற்றம், அபராதத்தோடு போகும். அந்த வீட்டுக் கையால் வாங்கித் தின்பதுதான் பெரிய குற்றம். தின்றவன் வீடும் அந்த வீட்டோடு சேர்ந்து வெளியே போகும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாருக்கும் கட்டு விழாததால் அவளுக்கு அது தெரியாமலே இருந்துவிட்டது.

அறிவு வீட்டுக்குப் போய், மகி ஊத்தின கூழு நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மா முதலில் வாயில் அறைந்தாள். பிறகு தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தாள். சந்து சந்தாகச் செய்தி ஓடியது. அன்று குப்பத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அடி வாங்கிய சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்டது. ஒருத்தி துடைப்பக்கட்டையால், ஒருத்தன் பெல்ட்டால். எதற்காக அடி விழுகிறது என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

வினிதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. முன்னால் ரகுபதி. அவன் குண்டானை உதைத்தான். அது சுவரில் மோதிச் சுழன்று வந்து அவன் காலிலேயே இடித்தது, அதற்கும் சேர்த்து அவளை அடித்தான். "என் தம்பி வெரலு போன கையால சோறுகூட துன்ன முடியாம கீறான். நீ அவன் பொண்ணு கையால வாங்கி நக்கறியா, கய்தே?" கொண்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்தான். ஞானபாக்கியம் டீச்சர் நடுவில் போய் நின்றார், தள்ளிவிட்டதில் அவர் கண்ணாடி உடைந்தது. உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பையும் உரல்களையும் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஊரில் இது தீரும்வரை வகுப்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லையம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. குடை போட்ட மேஜை, மைக், நிர்வாகிகளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்பமரத்துப் பக்கம். தூரத்தில் கவிழ்த்துப்போட்ட படகின் ஓரம் திலீப்பும் மகிழினியும் நின்றார்கள். நான் பெட்டிக்கடைப் பக்கம் நின்றேன்.

பேச்சு சீக்கிரமே முட்டிக்கொண்டது. வாங்கித் தின்ற வீடெல்லாம் வெளியே என்பது ஊர்ச் சட்டம். ஆனால் மூன்றாம் வகுப்பில் சொந்தக்காரப் பிள்ளை இல்லாத வீடே ஊரில் கிடையாது. தலைவர் வீடே வெளியே போக வேண்டும். அப்புறம் கட்டு போடுவது யார், யாருக்கு? ஒருவன் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவன் கன்னத்தில் ஒன்று விட்டான். நாற்காலி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. தேசப்பன் மைக்கில் தட்டித் தட்டி அடக்கிக்கொண்டிருந்தார்.

வினிதா மரத்தடியிலிருந்து முன்னால் வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நைனா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். புள்ளைங்க துன்னது கணக்குல வருதா, வரலியா?"

தேசப்பன் கீழே உட்கார்ந்திருந்த பேரனைப் பார்த்தார். நெற்றியில் பிளாஸ்திரி, உதட்டில் அவன் அம்மா அடித்த வீக்கம்.

"புள்ளைங்க வாய்க்கு ஊர்க்கட்டு கெடையாது."

"மைக்குல சொல்லு நைனா."

அவர் மைக்கை இழுத்து மறுபடி சொன்னார். ஒலிபெருக்கி அதைக் கடல்வரை கொண்டுபோனது.

"இஸ்கூல்ல ஒருத்தருக்கொருத்தர் ஊத்திக்கறதும் அப்டித்தான?"

"புள்ளைங்களுக்குள்ளன்னா அப்டித்தான்."

கூட்டம் மூச்சு விட்டது. எல்லா வீடும் தப்பித்தது. சிலர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். அப்போது வெற்றி எழுந்தான். கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கினான், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

"புள்ளைங்கள வுடு. அண்ணி துன்னாங்களா? கேளு."

தேசப்பன் நல்ல மனுஷன். அவரே வழி எடுத்துக் கொடுத்தார். சமைத்துப் போட்டவள்தானே, அவள் எங்கே தின்றிருக்கப்போகிறாள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்றார். ரகுபதியின் தலைகூட லேசாக ஆடியது, சொல்லிவிடு என்பதுபோல. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

வினிதா கூட்டத்தைப் பார்க்கவில்லை. கீழே முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஊதி ஊதிக் குடித்ததைப் பார்த்தவர்கள். படகோரம் மகிழினி நின்றிருந்தாள்.

"மொத கரண்டி எனக்குத்தான் ஊத்துனா. துன்னேன். நல்லா இருந்துச்சு."

ரகுபதியின் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. அவள் மண்ணில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். பழைய தழும்பின் மேலேயே புதுசாகக் கிழிந்திருந்தது. அவன் இரண்டாவது முறை ஓங்கினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒன்னு ஊருக்காவ வாங்கிகினேன். இது உன்னுது. இத்த வாங்க மாட்டேன்."

அவன் இழுத்துப் பார்த்தான். அப்புறம் அவளே விட்டாள், அவன் பின்னால் போய் மேஜையில் மோதி விழுந்தான். மைக் கீழே விழுந்து ஊளையிட்டது. யாரும் அதை எடுக்கவில்லை. அவள் அப்படியே மெயின் ரோடுவரை நடந்து, எர்ணாவூர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அங்கே குடியிருப்பில் அவள் அக்கா வீடு இருந்தது. தின்றதை ஒப்புக்கொண்டதால் கட்டு இப்போது அவள்மேலும் இருந்தது; ரகுபதியின் வீட்டுக்குள் அவள் மறுபடி கால் வைத்தால் அந்த வீடும் வெளியே போகும். மதி ஐந்தாம் வகுப்பில் அதே பள்ளியில் படித்தான், அப்பாவோடு இருந்தான்.

ஞானபாக்கியம் டீச்சர் பூட்டைத் திறந்தார். ஊரே ஒலிபெருக்கியில் சொன்ன பிறகு தான் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று கேட்டார். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை, சாவித் துவாரத்தைத் தடவித்தான் திறந்தார்.

வெள்ளிக்கிழமை வினிதா வந்தபோது தாடையில் தையல் போட்டிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் உரல்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூண்டைப் போட்டார்கள். கதை வராததால் உலக்கைகள் ஆளுக்கொரு பக்கம் இடித்தன, பூண்டு தெறித்து ஓடியது. வினிதா கையால் தாளம் காட்டிப் பார்த்தாள். எடுபடவில்லை.

"பளபளன்னு சட்டை போட்டுகினு ஒருத்தன் வந்தான்" என்றாள் மகிழினி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் உரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் கதையில் பாபுவுக்கு முட்டியும் போனது, மூக்கும் போனது, இரண்டு விரலும் போனது. அந்த இடத்தில் உலக்கைகள் ஒரு கணம் நின்றன. அறிவுதான் முதலில் இடித்தான். பிறகு எல்லோரும். வினிதா அவளைத் தடுக்கவில்லை.

வரிசை பழையபடி நின்றது. அறிவு கரண்டியை நிரப்பினான். அவன் அவசரமாகக் கவிழ்த்ததில் கூழ் மகிழினியின் விரலில் கொட்டியது. அவள் "பேமானி" என்று திட்டினாள், தட்டை நகர்த்தவில்லை. அவன் இன்னொரு கரண்டி ஊற்றினான். ஐந்தாம் வகுப்பிலிருந்து மதி யாரையும் கேட்காமல் வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் வினிதா தட்டோடு நின்றாள்.

கரண்டி மதியின் கைக்கு வந்தது. பிள்ளைகள் பிள்ளைகளுக்கு ஊற்றலாம் என்றுதான் தாத்தா மைக்கில் சொன்னார், பெரியவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அறிவு பக்கத்திலிருந்து நினைவுபடுத்தினான். மதி அம்மாவின் தையலைப் பார்த்தான். கூழைத் தட்டில் ஊற்றவில்லை. மெல்ல முடியாது என்று தெரிந்து, ஒரு டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவி, அதில் ஊற்றி, சூடு ஆறட்டும் என்று ஊத ஆரம்பித்தான்.